ஈரலில் வளரும் கட்டியும் கைவிடப்பட்ட இறைச்சிக்கூடங்களும்

தில்லி தெருநாய்கள் குறித்துத் தான் முன்னர் பிறப்பித்த ஆணையை உச்சநீதிமன்றம் 2025 ஆகஸ்ட் 22 அன்று திருத்தியது. பிடிக்கப்படும் நாய்களுக்குக் கருத்தடை, குடற்புழு நீக்கம், தடுப்பூசி ஆகிய மூன்றையும் செய்து, பிடித்த இடத்திலேயே விட வேண்டும். வெறிநோய் கண்டவையும் மூர்க்கமானவையும் மட்டுமே விதிவிலக்கு என்று மூன்று நீதிபதிகள் அமர்வு கூறியது. அதைத் தொடர்ந்து நடந்த விவாதங்களில் கருத்தடை பேசப்பட்டது, தடுப்பூசி பேசப்பட்டது, நாய்களுக்கு எங்கே உணவிடுவது என்பது மணிக்கணக்கில் பேசப்பட்டது. நடுவில் இருந்த ‘குடற்புழு நீக்கம்’ என்ற சொல்லை ஏறக்குறைய யாருமே பொருட்படுத்தவில்லை. நாய் கடித்தால் உடனே தெரியும். கடிக்காத நாயிடமிருந்தும் வரக்கூடிய ஒரு நோய் உண்டு. அது வந்திருப்பது பத்து ஆண்டுகள் கழித்தும் தெரியாமல் போகலாம்.

எக்கினோகாக்கஸ் என்பது ஒரு நாடாப்புழு. சில மில்லிமீட்டர் நீளம், மூன்று நான்கு கணுக்கள் மட்டுமே. நாயின் குடலில் இவை ஆயிரக்கணக்கில் ஒட்டிக்கொண்டிருந்தாலும் நாய் நோயுற்றதாகத் தெரியாது. அதன் மலத்தோடு புழுவின் முட்டைகள் வெளியேறிப் புல்லிலும் மண்ணிலும் நீரிலும் கலக்கின்றன. நாயின் முடியிலும் ஒட்டியிருக்கின்றன. ஈரமும் குளிர்ச்சியும் உள்ள இடத்தில் மாதக்கணக்கில் உயிரோடிருக்கின்றன. மேயும் ஆடு, மாடு, எருமை ஆகியவற்றின் வயிற்றுக்குள் போகும் முட்டை, ஈரலிலோ நுரையீரலிலோ தங்கி நீர் நிறைந்த கட்டியாக வளர்கிறது. அந்தக் கட்டியுள்ள உறுப்பை ஒரு நாய் தின்றால், கட்டிக்குள் இருக்கும் நுண்ணிய புழுத்தலைகள் ஒவ்வொன்றும் ஆறு ஏழு வாரங்களில் முட்டையிடும் புழுவாகின்றன. இப்படி நாய்க்கும் கால்நடைக்கும் இடையே சுற்றிவரும் இந்தப் புழுவின் வாழ்வில் மனிதருக்கு வேலையே இல்லை. தவறி நுழைகிறார்கள், ஆட்டுக்கு வருவது போலவே அவர்களுக்கும் கட்டி வருகிறது.

மருத்துவர்கள் இதை ஹைடாடிட் கட்டி என்கிறார்கள். பத்தில் ஏழு பேருக்கு ஈரலிலும் இருவருக்கு நுரையீரலிலும், எஞ்சியோருக்கு மூளை, எலும்பு, சிறுநீரகம் என எங்கு வேண்டுமானாலும் இது வரலாம். வலியில்லாமல், காய்ச்சலில்லாமல், ஆண்டுக்குச் சில சென்டிமீட்டர் வீதம் வளர்ந்துகொண்டே போகும். வேறு எதற்கோ எடுக்கும் ஸ்கேனில் தற்செயலாகத் தென்படும். அல்லது கட்டி பெருத்து மற்ற உறுப்புகளை அழுத்தத் தொடங்கியபின் தெரியவரும். அடிபட்டோ தானாகவோ உள்ளே உடைந்துவிட்டால் கடும் ஒவ்வாமை ஏற்பட்டு நிமிடங்களில் உயிருக்கு ஆபத்து. தப்பினால், சிதறிய நீரிலிருந்து வயிறு முழுக்கப் புதிய கட்டிகள். கட்டியின் நிலையைப் பொறுத்து மாதக்கணக்கில் அல்பெண்டசோல் மாத்திரை, ஊசி மூலம் நீரை உறிஞ்சி மருந்து செலுத்துதல், அறுவை சிகிச்சை என்று வழிகள் உள்ளன. உலகில் எந்த நேரத்திலும் 10 லட்சத்துக்கும் அதிகமானோர் இந்த வகை நோயோடு வாழ்கிறார்கள் என்று உலக சுகாதார நிறுவனம் கூறுகிறது. அதன் ‘புறக்கணிக்கப்பட்ட வெப்பமண்டல நோய்கள்’ பட்டியலிலும் இது இடம்பெற்றுள்ளது.

இங்கே ஒரு தவறான நம்பிக்கையைக் களைந்தாக வேண்டும். இது இறைச்சி தின்பதால் வரும் நோய் அல்ல. கட்டியுள்ள ஆட்டின் கறியைச் சாப்பிட்டவருக்கு அதனால் இந்நோய் வராது. நாயின் மலத்திலுள்ள முட்டை வாய்வழியே போனால்தான் வரும். கழுவாத கீரையிலும் குட்டை நீரிலும் முட்டை இருக்கலாம், நாயைத் தடவிய குழந்தையின் கைவிரலில் இருக்கலாம். வாழ்நாளில் முட்டைகூடத் தொடாத சைவருக்கும் இது வரும். ‘அசைவத்தால் வரும் நோய்கள்’ என்று பட்டியல் போட்டுப் பரப்பும் கூட்டத்துக்கு இந்தப் புழு ஒத்துழைக்க மறுக்கிறது. ஒரு மனிதரிடமிருந்து இன்னொருவருக்கும் இது தொற்றாது. நோயாளியை ஒதுக்கிவைக்க எந்தக் காரணமும் இல்லை.

யாருக்கு வருகிறது என்பதில்தான் வர்க்கம் தெரிகிறது. காஷ்மீரின் குஜ்ஜர்-பக்கர்வால் மேய்ப்பர்கள், ராஜஸ்தானின் ராய்க்காக்கள், தக்காணப் பீடபூமியின் குருபர்கள், தங்கர்கள் என ஆட்டு மந்தையோடும் காவல் நாயோடும் ஒரே கிடையில் உறங்கி, கால்நடையும் நாயும் இறங்கும் அதே குட்டையில் நீர் மொள்ளும் மக்கள்தாம் இந்தச் சுழற்சியின் வழியில் நேராக நிற்கிறார்கள். இறைச்சிக்கூடத் தொழிலாளர்கள், தெருவைக் கூட்டும் தூய்மைப் பணியாளர்கள், வெறுங்கையால் சாணமும் குப்பையும் அள்ளும் பெண்கள் அடுத்த வரிசையில். ஆந்திரா, தமிழ்நாடு, காஷ்மீர் ஆகிய பகுதிகளிலிருந்து அதிக நோயாளிகள் வருவதாக இந்திய மருத்துவ இதழ்கள் நெடுங்காலமாக எழுதி வருகின்றன. ஆனால் அவை தனித்தனி மருத்துவமனைகளின் அறுவைக் கணக்குகள். அறுவை மேசை வரை வந்து சேர முடிந்தவர்கள் மட்டுமே அதில் உண்டு. ஸ்கேன் வசதியுள்ள ஊருக்குப் போக ஒருநாள் கூலியை இழக்க வேண்டிய மேய்ப்பர், எண்ணிக்கையில் எங்கும் இல்லை.

தேசிய சுகாதாரக் கணக்கின்படி 2021-22இல் அரசின் சுகாதாரச் செலவு மொத்த உள்நாட்டு உற்பத்தியில் 1.84 சதவிகிதம். அதை 2025க்குள் 2.5 சதவிகிதமாக்குவோம் என்று 2017ஆம் ஆண்டின் தேசிய சுகாதாரக் கொள்கையில் எழுதிக்கொடுத்தது மோடி அரசு. அதே 2021-22 கணக்கில், மொத்தச் சுகாதாரச் செலவில் 39.4 சதவிகிதம் மக்களின் சொந்தக் கையிலிருந்து போயிருக்கிறது. வயிற்றைத் திறந்து செய்ய வேண்டிய அறுவையும், பல மாத மாத்திரையும், கட்டி மீண்டும் வந்ததா என்று பார்க்க ஆண்டுக்கணக்கில் எடுக்க வேண்டிய ஸ்கேன்களும் ஒரு மேய்ப்பர் குடும்பத்துக்கு எத்தனை ஆடுகளின் விலை என்பதை விரித்துச் சொல்லத் தேவையில்லை.

கால்நடை வளர்ப்போரின் இழப்பு இன்னொரு பக்கம். மனித சிகிச்சைச் செலவு, கால்நடைகளின் பால், இறைச்சி இழப்பு எல்லாம் சேர்த்து இந்நோயால் இந்தியாவுக்கு ஆண்டுதோறும் 1,100 கோடி ரூபாய்க்கு மேல் இழப்பு ஏற்படுவதாகக் கால்நடை அறிவியலாளர்களின் 2014ஆம் ஆண்டு ஆய்வு ஒன்று மதிப்பிட்டது. அதில் மிகப் பெரும்பகுதி மாடு, எருமை வளர்ப்போர் தலையில் விழுகிறது. ஒன்றிரண்டு எருமைகளை வைத்துப் பிழைக்கும் சிறு விவசாயி, பால் குறைவதற்கு ஈரலில் உள்ள கட்டி காரணம் என்று ஒருநாளும் அறியப்போவதில்லை. அந்த எருமையின் வயிற்றைத் திறந்து பார்க்கும் இடம் ஒன்றுதான் உண்டு. அது இறைச்சிக்கூடம்.

சட்டப் புத்தகத்தில் குறையேதும் இல்லை. கால்நடைகளின் தொற்றுநோய்த் தடுப்பு மற்றும் கட்டுப்பாட்டுச் சட்டம், 2009இன் அட்டவணையில் இந்த நோய் பெயரோடு இடம்பெற்றிருக்கிறது. அட்டவணையில் உள்ள நோய் கால்நடைக்கு இருப்பதாகக் கருதக் காரணமிருந்தால் அதன் உரிமையாளரும் ஊராட்சியும் தகவல் தெரிவித்தாக வேண்டும் என்கிறது சட்டம். வெளியே ஓர் அறிகுறியும் காட்டாத நோயை உரிமையாளர் எதைக் கொண்டு கருதுவார்? அறுக்கப்பட்ட விலங்கின் உறுப்புகளைக் கால்நடை மருத்துவர் ஒருவர் பார்த்தால் மட்டுமே அது தெரியும். அதற்கும் விதி உண்டு. அங்கீகரிக்கப்பட்ட கூடத்தில்தான் அறுக்க வேண்டும், மருத்துவர் பரிசோதிக்க வேண்டும், அவர் மணிக்கு 12, நாளொன்றுக்கு 96 விலங்குகளுக்கு மேல் பார்க்கக் கூடாது என்று 2001ஆம் ஆண்டின் இறைச்சிக்கூட விதிகள் சொல்கின்றன. நாட்டின் எத்தனை நகராட்சிகளில் 96 விலங்குகளைப் பார்க்க ஒரு மருத்துவர் இருக்கிறார்? பெரும்பாலான ஊர்களில் ஆடு அறுக்கப்படுவது கடையின் பின்புறத்தில், சாக்கடை ஓரத்தில். ஈரலில் கட்டி தென்பட்டால் கடைக்காரர் அந்தப் பகுதியை நேர்மையாக அறுத்து எறிந்துவிடுகிறார். வாடிக்கையாளருக்கு அவர் துரோகம் செய்யவில்லை. எறிந்தது வாசலில் காத்திருக்கும் நாயின் வாய்க்குப் போகிறது. புழு தன் சுற்றை முடிக்கிறது.

இதற்கு அந்தக் கடைக்காரரைக் குற்றவாளியாக்குவது எளிது. இறைச்சிக்கூடங்களை முறைப்படுத்தும் பொறுப்பை அரசியல் சட்டத்தின் 12ஆவது அட்டவணை நகராட்சிகளிடம் தருகிறது. அதற்கான நிதியை எந்த அட்டவணையும் தரவில்லை. ஏற்றுமதி நிறுவனங்களின் இறைச்சிக்கூடங்கள் வெளிநாட்டு வாங்குவோரின் நிபந்தனைக்கு ஏற்ப நவீனமாகின்றன. உள்ளூர் மக்கள் உண்ணும் இறைச்சிக்கான பொதுக்கூடம் இடிந்து கிடக்கிறது. உத்தரப்பிரதேசத்தில் 2017இல் ஆட்சிக்கு வந்த பாஜக அரசு செய்த முதல் வேலைகளில் ஒன்று, ‘சட்டவிரோத’ இறைச்சிக்கூடங்களை மூடியது. உரிமம் புதுப்பித்துத் தராததும், உரிமம் பெறத்தக்க கூடத்தைக் கட்டித் தராததும் அரசே. சட்டவிரோதம் என்ற பட்டம் மட்டும் சிறு வியாபாரிகளுக்கு. அந்த ஆண்டு மே மாதத்தில் அலகாபாத் உயர்நீதிமன்றமே தலையிட்டு, உரிமம் வழங்கும் கடமையை அரசுக்கு நினைவூட்ட வேண்டி வந்தது. கூடத்தை மூடினால் இறைச்சி உண்பது நின்றுவிடாது. வெளிச்சத்தில் நடந்தது இருட்டுக்குப் போகும். மாட்டிறைச்சித் தடைகளும், ‘பசுப் பாதுகாப்பு’ என்ற பெயரில் சாலைகளில் திரியும் குண்டர் கும்பல்களும் சேர்ந்து, பரிசோதனைக்கு வாய்ப்பே இல்லாத மறைவான அறுப்பை நாடெங்கும் பெருக்கியிருக்கின்றன. மருத்துவரின் முத்திரையைக் கேட்டு எந்த வியாபாரி தானாக முன்வந்து தன்னைக் காட்டிக்கொடுப்பார்?

அறுக்கப்படும் விலங்கைவிடத் தானாகச் செத்து விழும் விலங்கின் கதை மோசமானது. 2019ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி நாட்டில் 19 கோடிக்கு மேல் மாடுகளும் ஏறக்குறைய 11 கோடி எருமைகளும் இருக்கின்றன. தெருநாய்கள் சுமார் 1.53 கோடி. செத்த மாட்டை ஊருக்கு வெளியே தூக்கிப்போடுவது வழக்கம். முன்பெல்லாம் பாறு எனப்படும் பிணந்தின்னிக் கழுகுகள் அதைச் சில மணி நேரத்தில் எலும்பாக்கிவிடும். பறவையின் குடலில் இந்தப் புழு வளராது என்பதால், சுழற்சி அங்கேயே அறுபட்டுவிடும். 1990களில் தொடங்கி அந்தக் கழுகுகள் 95 சதவிகிதத்துக்கும் மேல் அழிந்தன. மாடுகளுக்கு வலி நிவாரணியாகக் கொடுத்த டைக்ளோஃபெனாக் மருந்து சடலத்தின் வழியே கழுகின் சிறுநீரகத்தைக் கொன்றது என்று 2004இல் கண்டறியப்பட்டு, 2006இல் அதன் கால்நடைப் பயன்பாடு தடை செய்யப்பட்டது. மலிவான மருந்து, கண்காணிப்பில்லாத விற்பனை, தாமதமான தடை. கழுகு விட்டுச்சென்ற இடத்தை நாய் பிடித்துக்கொண்டது. பிக்கானேருக்கு அருகிலுள்ள ஜோர்பீர், பஞ்சாப் கிராமங்களின் ‘ஹட்டா ரோடி’ போன்ற சடலக் கிடங்குகளில் இன்று கூட்டம் கூட்டமாக நாய்கள்தாம்.

அந்தச் சடலத்தை அப்புறப்படுத்தும் வேலையைச் சாதி யார் தலையில் கட்டியது என்பதும், அதற்கு அவர்கள் பெற்ற பரிசு என்ன என்பதும் நாடறிந்தவை. ஹரியானாவின் துலீனாவில் 2002 அக்டோபரில் ஐந்து தலித்துகள் அடித்துக் கொல்லப்பட்டார்கள். குஜராத்தின் உனாவில் 2016 ஜூலையில், செத்த பசுவின் தோலை உரித்ததற்காக தலித் இளைஞர்கள் அரை நிர்வாணமாகக் கட்டிவைத்து அடிக்கப்பட்டார்கள். அதற்கு எதிர்வினையாக சுரேந்திரநகர் மாவட்ட ஆட்சியர் அலுவலகத்தின் முன் மாட்டுச் சடலங்களைக் கொண்டுவந்து போட்ட தலித் மக்கள், இனி இந்த வேலையைச் செய்யமாட்டோம் என்று அறிவித்தார்கள். அது நியாயமான போராட்டம். அந்தப் போராட்டம் எழுப்பிய கேள்வி இதுதான்: சடலம் அகற்றுவது சமுதாயத்துக்குத் தேவையான பொதுப்பணி என்றால், வாகனமும் எந்திரமும் எரியூட்டும் உலையும் காலணியும் கையுறையும் சம்பளமும் ஓய்வூதியமும் கொண்ட அரசுப் பணியாக அது ஏன் இல்லை? அந்தக் கேள்விக்கு இன்றுவரை அரசிடம் பதில் இல்லை. சடலத்தைத் தலித்தும் தொடக்கூடாது, அரசும் தொடாது என்றால், நாய் தொடும்.

பொதுச் சேவை சிதைந்தால் இந்தப் புழு என்ன செய்யும் என்பதற்கு மத்திய ஆசியாவில் ஒரு சான்று இருக்கிறது. சோவியத் ஒன்றியத்தின் காலத்தில் கிர்கிஸ்தான், கசாக்ஸ்தான் ஆகிய குடியரசுகளின் கூட்டுப் பண்ணைகளுக்கென்று இறைச்சிக்கூடங்களும் கால்நடை மருத்துவர்களும் இருந்தனர். மந்தை நாய்களுக்குப் புழுமருந்து கொடுக்கப்பட்டது. 1991க்குப் பிறகு பண்ணைகள் துண்டாடப்பட்டுத் தனியாருக்குப் போயின. மருத்துவச் சேவை நிதியின்றி நொறுங்கியது, கூடங்கள் மூடப்பட்டன, ஆடுகள் வீட்டு முற்றத்தில் அறுக்கப்பட்டு ஈரல் நாய்க்கு வீசப்பட்டது. அடுத்த பத்தாண்டுகளில் அந்நாடுகளில் இந்தக் கட்டிக்காக அறுவை செய்துகொண்டோரின் விகிதம் சில மடங்கு உயர்ந்தது. அவர்களில் குழந்தைகளும் ஏராளம். நாயும் ஆடும் புழுவும் அதே நாயும் ஆடும் புழுவும்தான். மாறியது உடைமை உறவு. ‘அதிர்ச்சி வைத்தியம்’ என்று மேற்கத்திய ஆலோசகர்கள் பெயரிட்ட கொள்கையின் கணக்கில் இந்த ஈரல்களும் சேரும்.

எதிர்த்திசையிலும் வரலாறு உண்டு. 19ஆம் நூற்றாண்டில் ஐஸ்லாந்து இந்நோய் மிக அதிகமாக இருந்த நாடுகளில் ஒன்று. 1863இல் டென்மார்க்கைச் சேர்ந்த ஹரால்ட் கிராப்பே அங்கே 100 நாய்களை அறுத்துப் பார்த்து 28இல் இந்தப் புழுவைக் கண்டார். எளிய மொழியில் அவர் எழுதிய துண்டுநூல் வீடு வீடாகப் போய்ச் சேர்ந்தது. படிக்கத் தெரிந்த மக்கள் இருந்ததால் அது வேலை செய்தது. பிறகு சட்டங்கள் வந்தன, முறையான இறைச்சிக்கூடங்கள் வந்தன, நோய் ஒழிந்தது. நியூசிலாந்து 1959இல் தனிச் சட்டம் இயற்றி நாய்களைக் கண்காணித்து, 2002இல் நோயற்ற நிலையை அறிவித்தது. அங்கே நாய்களைச் சோதிக்க நெடுங்காலம் பயன்பட்ட ஆரிகோலின், கொட்டைப்பாக்கில் உள்ள சத்துதான் என்பது பாக்கு விளையும் இந்தியாவில் பலருக்கும் தெரியாத செய்தி. இந்நோய் இன்றும் கடுமையாக உள்ள சீனா, தன் மேற்குப் பகுதி மேய்ச்சல் நிலங்களில் அரசு நிதியில் நாய்களுக்குப் பிராசிகுவான்டெல் மாத்திரை கொடுக்கிறது, நோயாளிகளுக்கு இலவச சிகிச்சை தருகிறது, ஆட்டுக்குட்டிகளுக்கு இ.ஜி.95 தடுப்பூசி போடுகிறது. நாய்க்குப் புழுமருந்து, குட்டிக்குத் தடுப்பூசி, வயதான ஆடுகளைக் கழித்தல் ஆகிய மூன்றையும் சேர்த்துச் செய்தால் 10 ஆண்டுகளுக்குள் ஒரு பகுதியில் நோயை ஒழிக்க முடியும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் கணிப்பு.

காசநோயும் மலேரியாவும் இருக்கும் நாட்டில் இதற்கு இவ்வளவு முக்கியத்துவமா என்று கேட்கலாம். காசநோயால் மாய்வோரின் எண்ணிக்கையோடு இதை ஒப்பிடவே முடியாது, அது உண்மை. ஆனால் இந்நோய்க்கென்று தனியாகக் கட்ட வேண்டியது அநேகமாக ஒன்றுமில்லை. கண்காணிப்புள்ள இறைச்சிக்கூடம், போதுமான கால்நடை மருத்துவர்கள், சடலம் அகற்றும் நிரந்தரப் பணியாளர்கள் ஆகியவை புரூசெல்லாவுக்கும் ஆந்த்ராக்ஸுக்கும் வெறிநோய்க்கும் சேர்த்தே தேவைப்படுபவை. ஒன்றிய அரசு 2019இல் கோமாரிக்கும் புரூசெல்லாவுக்கும் எதிராக 13,343 கோடி ரூபாயில் ஒரு திட்டத்தைத் தொடங்கியது. தேவையான திட்டமே. கோமாரித் தடுப்பூசிக்காகத் தொழுவம் வரை போகும் குழு, அதே வாசலில் படுத்திருக்கும் நாய்க்கு ஒரு மாத்திரை கொடுத்துவிட்டு வர முடியாதா? நாய் வேறு துறை, மாடு வேறு துறை, மனிதர் வேறு துறை. மூன்றையும் இணைப்பதாகச் சொல்லி ‘ஒரே சுகாதாரம்’ என்று இயக்கம் அறிவிக்கப்பட்டது. நாக்பூரில் அதற்கான நிறுவனத்துக்குப் பிரதமர் 2022 டிசம்பரில் அடிக்கல் நாட்டினார். எருமை ஈரலில் கட்டியைப் பார்க்கும் கால்நடை மருத்துவர், அந்த எருமை வந்த கிராமத்தின் ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு அதைத் தெரிவிக்க நடைமுறையில் ஒரு படிவம்கூட இல்லாதவரை, அடிக்கல் அடிக்கல்லாகவே இருக்கும்.

தெருநாய்கள் எல்லாவற்றுக்கும் ஆண்டுக்கு நான்கு முறை மருந்து கொடுப்பது நடக்காது என்று அதிகாரிகள் கூறக்கூடும். ஒன்றரைக் கோடி நாய்களுக்கும் அது தேவையில்லை. மந்தையோடு போகும் நாய்களுக்கும், இறைச்சிக்கூடத்தையும் சடலக் கிடங்கையும் சுற்றி வாழும் நாய்களுக்கும்தான் மாத்திரை முதலில் போக வேண்டும். மந்தை நாயை அழைத்து வாயில் மருந்து போட மேய்ப்பருக்குத் தெரியும், மருந்தை அவர் கையில் இலவசமாகக் கொடுத்தால் போதும். மற்ற நாய்களிடமிருந்து கழிவு உறுப்புகளைத் தள்ளிவைத்தாலே புழுவுக்கு வழி அடைபட்டுவிடும். அதற்குச் சுற்றுச்சுவரும் பூட்டுள்ள கழிவுத்தொட்டியும் ஆழக் குழியும் வேண்டும். சிறு ஊர்களில் ஒரு பெரிய அண்டாவும் அடுப்பும்கூடப் போதும், நன்றாகக் கொதித்த ஈரலில் புழு பிழைக்காது.

விவசாயிகள் சங்கமும் விவசாயத் தொழிலாளர் சங்கமும் உள்ளாட்சித் தொழிலாளர் சங்கமும் தத்தம் கோரிக்கைப் பட்டியலில் எழுத வேண்டியவை இவற்றிலிருந்தே கிடைக்கும். மேய்ப்பர் குடியிருப்புகளில் கையடக்க ஸ்கேன் கருவியோடு நடமாடும் பரிசோதனை, மனிதர்களுக்கு வரும்போதும் கட்டாயம் அறிவிக்க வேண்டிய நோயாக இதை ஆக்குதல், முழு சிகிச்சையும் அரசுச் செலவில், அல்பெண்டசோல் மாத்திரை இடைநிற்காமல் ஆரம்ப சுகாதார நிலையத்தில் கிடைத்தல் ஆகியவை நோயாளியின் பக்கம். ஒவ்வொரு நகராட்சிக்கும் ஒரு பொது இறைச்சிக்கூடம், அதில் நிரந்தரக் கால்நடை மருத்துவர், அங்கே வேலை செய்வோருக்கும் சடலம் அகற்றுவோருக்கும் பணி நிரந்தரமும் ஆண்டுதோறும் வயிற்று ஸ்கேனும் என்பவை மறுபக்கம். தமிழ்நாடு உட்பட நோய் அதிகம் பதிவாகும் மாநிலங்களின் நகராட்சி மன்றங்களில் இடதுசாரி உறுப்பினர்கள் முதலில் கேட்கத்தக்க கேள்வி மிகச் சிறியது: சென்ற ஆண்டு இந்த நகரின் இறைச்சிக்கூடத்தில் கட்டியுள்ள ஈரல்கள் எத்தனை கழிக்கப்பட்டன, அவை எங்கே போயின?